கைரேகை நம்மது, நோட்டு யாருடையது?

"ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்." வங்கி சொல்கிறது, போலீஸ் சொல்கிறது. சரி, சொல்லல. ஆனா நான் சொல்லாமலேயே என் சங்கதி ஊர் மேயுதே, அதுக்கு யார் பதில்?

2021 மார்ச். காரைக்காலும் சேர்ந்த புதுச்சேரியில் சட்டமன்றத் தேர்தல் நேரம். பூத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் சேரச் சொல்லி வாக்காளர் போனுக்குக் குறுஞ்செய்தி. ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே வருகிறது என்று இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தார் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். குற்றச்சாட்டு பாரதிய ஜனதா கட்சி மீது. தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த எண்கள் என்றது கட்சி. நீதிமன்றம் அதோடு விடவில்லை. ஆதார் ஆணையத்தை விசாரிக்கச் சொன்னது.

"நம்பர்தானே, போனா போகட்டும்" என்கிறார் ஒரு தோழர். தோழரே, உமக்கு அது நம்பர். எந்த பூத் என்று தெரிந்தால் எந்தத் தெரு என்று தெரியும். தெரு தெரிந்தால் சாதி தெரியும். ஊரையும் சேரியையும் பிரித்துக் கட்டிய நாட்டில் முகவரியே சாதிச் சான்றிதழ். அன்றைக்கு மிராசு வீட்டுக் கணக்குப்பிள்ளை நோட்டில் நம்ம பாட்டன் பெயர் இருந்தது: எந்தப் பண்ணை, எவ்வளவு கடன். நோட்டு அவன் கையில், கைநாட்டு நம்மது. இன்றைக்கும் ரேகை நம்மதுதான். நோட்டு எங்க இருக்குன்னுதான் தெரியல.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் அரசு தன் அமைப்புகளுக்குத் தானே விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம். அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்திலும் கைவைத்தது. 'தனிப்பட்ட தகவல்' என்று அதிகாரி கைவிரிக்க வழி அகலமானது. நமக்கு ஒதுக்கிய நிதியை யார் தின்னது என்று கேட்டால் அது அந்தரங்கம். உதவித்தொகைக்கு வரிசையில் நிற்கும் நம்ம பிள்ளையின் சாதி, வருமானம், வங்கிக் கணக்கு மட்டும் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் நாதியத்துக் கிடக்கும். என்னய்யா நியாயம் இது?

மாணவத் தோழர்களே, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதார் நகல் உண்டு, அதைக் கொடுங்கள். ஆணையத்தின் செயலியில் ரேகையைப் பூட்டி வையுங்கள், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். ஸ்கேன் எடுத்தவரிடம் நின்று அழிக்கச் சொல்லுங்கள். இதோடு நின்றுவிடாதீர்கள். எந்தச் சட்டப்படி கேட்கிறாய், யாரிடம் கொடுப்பாய், எப்போது அழிப்பாய் என்று ஒவ்வொரு மேஜையிலும் கேளுங்கள்.

நான் தலித் என்று மேடையேறி நானே சொல்வேன். அது என் திமிர். என்னைக் கேட்காமல் நீ பட்டியல் எடுத்தால், அது வேவு.