மீனுக்கு டொக்டரோ?

கடந்த கோடைகால ஒன்றுகூடலில் நண்பர் ஒருவர், தன் மகள் துரொம்சோவில் மீன் சுகாதாரம் படிக்கப் போகிறாள் என்று சற்றுத் தயக்கத்துடன் சொன்னார். "என்ன அண்ணை, மீனுக்கு டொக்டரோ?" என்று ஒருவர் கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். வீடு வந்த பின்னர்தான் அது உறுத்தியது. அகதியாக வந்த புதிதில் பின்மார்க்கில் மீன் வெட்டித்தானே நாம் ஊருக்குக் காசு அனுப்பினோம்!

அப்பிள்ளை படிக்கப்போகும் துறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 1984இல் நோர்வேயின் வளர்ப்பு லக்ஸ் மீன்களில் புதியதொரு நோய் கண்டது. கடும் இரத்தசோகை, செவுள் வெளிறி மீன்கள் இறந்தன. நோயுற்ற மீனின் திசுவை நல்ல மீனுக்கு ஏற்றினால் அதுவும் நோயுற்றது. ஆகவே தொற்றுநோய் என்பது தெரிந்தது. ஆனால் கிருமியைப் பிடிக்க முடியவில்லை. வைரஸ் உயிருள்ள கலத்தினுள் மட்டுமே பெருகும். அதற்கேற்ற கலம் கையில் இருக்கவில்லை.

1995இல்தான் அப்போது ஒஸ்லோவில் இருந்த தேசிய மிருகவைத்திய நிறுவனத்தினர், லக்ஸ் மீனின் தலைச் சிறுநீரகத்திலிருந்து எடுத்து நீண்டகாலம் வளர்த்த கலங்களில் அந்த வைரஸைப் பெருக்கிக் காட்டினர். எழுத ஒரு வரி. செய்யப் பொறுமை வேண்டும். மனிதக் கலத்துக்கு 37 பாகைச் சூடு வேண்டும், மீன் கலத்துக்கு 15 முதல் 20 பாகை போதும். போத்தலின் அடியில் ஒட்டிப் படரும் கலங்கள் நிரம்பியதும் பிரித்து அடுத்த போத்தலுக்கு மாற்ற வேண்டும். இடையில் பங்கசு பிடித்தால் அவ்வளவு உழைப்பும் வீண். இப்படி வளர்த்த கலத்தில் வைரஸ் புகுந்தால் கலங்கள் சிதைந்து, கழன்று மிதக்கும். அதைப் பார்க்க ஒவ்வொரு முறையும் உயிருள்ள மீனை நோயாக்கத் தேவையில்லை.

அந்த வைரஸ் நமக்குக் காய்ச்சல் தரும் இன்புளுவென்சாவின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் பின்னர் தெளிவாயிற்று. "அப்படியென்றால் லக்ஸ் சாப்பிடலாமோ, டொக்டர்?" என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. தாராளமாகச் சாப்பிடலாம். அது 15 பாகையில் நன்றாகப் பெருகும். 25 பாகையிலேயே பெருகாது. நம் உடம்போ 37 பாகை. இந்தப் பதிலை நாம் துணிந்து சொல்வதற்கும் அந்தப் போத்தல்கள்தான் காரணம்.

2007இல் இதே நோய் சிலியின் மீன் வளர்ப்பை நிலைகுலைய வைத்தது. பலர் வேலை இழந்தார்கள். மீன் தொழிற்சாலைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்களுக்கு அது என்னவென்று விளக்கத் தேவையில்லை.

நம் வீடுகளில் டொக்டர், எஞ்சினியர் தவிர்ந்த படிப்பெல்லாம் இன்னும் இரண்டாந்தரம்தான். எமது எண்ணத்தில் அந்தப் பிள்ளை படிப்பதும் மருத்துவமே. நத்தார் விடுமுறைக்கு வருகிறாளாம். தகப்பனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவளுடைய போத்தல்களைப் பற்றி விசாரிக்க இருக்கிறோம்.