எட்டாவது கேள்வி

அறுபதைத் தாண்டிய சிலர் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளையை விசாரிப்பதற்கு முன் பாத்ரூமை விசாரிப்பார்கள். பஸ் பயணம் என்றால் முதல் நாள் மாலையே தண்ணீருக்கு 144 தடை. ஏன் என்றால், "வயசாச்சில்ல!"

என் பெரியப்பாவும் இந்தக் கட்சிதான். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார் என்று பெரியம்மா போட்டு உடைத்ததும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ப்ராஸ்டேட் வீக்கம். வாலிபத்தில் சுமார் 20 கிராம் இருக்கும் சுரப்பி, வயதாக ஆகப் பெருத்து, நடுவில் போகும் சிறுநீர்க் குழாயை நெருக்குகிறது. "இது கேன்சர் இல்லை, கேன்சரா மாறவும் மாறாது" என்றார் டாக்டர், ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு.

"நீங்களே பார்த்து எதையாவது எழுதிக் குடுத்துடுங்க."

டாக்டர் விடவில்லை. ஒரு தாளை நீட்டினார். ஏழு கேள்விகள், மொத்தம் 35 மார்க். நிறைய வாங்கினால் வருத்தப்பட வேண்டிய பரீட்சை! 7 வரை லேசு, 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. பெரியப்பா வாங்கியது 17.

"மூணு வழி இருக்கு சார். ராத்திரி தண்ணி, காபியைக் குறைச்சுட்டு, அப்பப்ப வந்து காட்டிட்டு இருக்கலாம். இல்லே, மாத்திரை. டாம்சுலோசின்னா சில நாள்லயே தெரியும். சட்டுனு எழுந்தா தலை சுத்தலாம், கண் புரை ஆபரேஷன்னா முன்னாடியே கண் டாக்டர்கிட்ட சொல்லணும். ஃபினாஸ்டரைடு சுரப்பியையே சுருக்கும். ஆனா ஆறு மாசம்கூட ஆகலாம், சிலருக்கு தாம்பத்திய ஆசை குறையும். மூணாவது, ஆபரேஷன். வயித்தைக் கிழிக்காம உள்வழியா சுரண்டி எடுப்போம். நல்ல பலன். ஆனா பலருக்கு அப்புறம் விந்து வெளியே வராம சிறுநீர்ப் பைக்குள்ளே போயிடும். ஒண்ணுக்கே போக முடியாம அடைச்சுக்கிட்டாலோ, கிட்னி கெட்டாலோ நானே முடிவு சொல்லிடுவேன். உங்களுக்கு அந்த நிலைமை இல்லே. எட்டாவது கேள்வியைப் படிங்க."

மிச்ச வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? இதற்குக் கூட்டலில் இடம் இல்லை.

பெரியப்பா ரொம்ப நேரம் தாளையே பார்த்தார். "பேரன் பெங்களூர்ல இருக்கான் டாக்டர். ஆறு மணி நேர பஸ். ரெண்டு வருஷமா போகலை."

முழங்கால் வலி என்றுதான் வீட்டில் இதுவரை சொல்லி வைத்திருந்தார்!

டாம்சுலோசினில் ஆரம்பித்து, ஒரு மாதம் கழித்து அதே தாளில் மறுபடி மார்க் போடுவது, தேறாவிட்டால் ஆபரேஷன் பற்றிப் பேசுவது என்று அவரே முடிவு சொன்னார்.

உங்கள் வீட்டிலும் அப்பாவுக்குத் திடீரென்று ஊர்ப் பயணம் பிடிக்காமல் போயிருந்தால், அரை நாள் லீவு போட்டுக் கூடப் போங்கள். ஜலதோஷ மாத்திரை உட்பட அவர் சாப்பிடும் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளே சிறுநீரை அடைக்கும். எட்டாவது கேள்விக்கு மட்டும் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.