சூறாவளியும் பல்கலைக் கழகமும்

அட்லாண்டிக் மாகடலில் ‘ஹரிக்கேன்’ என்றும், வங்கக் கடலில் புயல் என்றும் வழங்குவது ஒரே இயற்கை நிகழ்ச்சியேயாகும். ஆதலின், அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பெரும் இழப்புக்கு ஆளாகிக் கற்ற பாடம் நம் நாட்டினருக்கும் உரியதே. சூறாவளிக்கான ஆயத்தம், எச்சரிக்கை வெளியான பின் தொடங்குவதன்று. எப்பொருளை எந்தத் தளத்தில் வைப்பது என்று முடிவு செய்யும் நாளிலேயே தொடங்குவதாகும்.

மக்களைக் காக்கும் துறையில் முன்னேற்பாடு நற்பயன் தந்துள்ளது. 2005 ஆகஸ்டு 27ஆம் நாள், நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள டுலேன் பல்கலைக் கழகத்திற்குப் புது மாணவர்கள் பெட்டி படுக்கைகளுடன் வந்து சேர்ந்தனர். அன்றே அவர்கள் நகரை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். வேறு போக்கிடம் இல்லாதோர், முன்னரே வகுத்த திட்டப்படி, மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகருக்குப் பேருந்துகளில் அனுப்பப்பட்டனர். இரண்டு நாட்களில் ‘கத்ரீனா’ தாக்கியது. அப்பருவம் முழுவதும் அங்கு வகுப்புகள் நடைபெறவில்லை. மாணவர்கள் பிற பல்கலைக் கழகங்களில் பயின்று, 2006 ஜனவரியில் திரும்பினர்.

பொருள்களின் கதையோ வேறு. 2001 ஜூன் மாதம், ஹரிக்கேனின் வலிமையை எட்டாத ‘அல்லிசன்’ என்னும் புயல் ஹூஸ்டன் நகரில் ஓரிரவில் பெருமழையைக் கொட்டியது. அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் நிலவறைகளிலும், கட்டடங்களை இணைக்கும் சுரங்க வழிகளிலும் வெள்ளம் புகுந்தது. பல்லாயிரம் ஆய்வு விலங்குகள் மாண்டன. பல்லாண்டு உழைப்பின் பயன் அழிந்தது. புயலின் பெயரையோ காற்றின் வேகத்தையோ மட்டும் கொண்டு அபாயத்தை அளத்தல் பிழையென்பது இதனால் விளங்கும்.

இச்செய்தி அறிவுலகம் முழுதும் பரவியது. எனினும், பதினோராண்டுகள் கழித்து, 2012 அக்டோபர் 29ஆம் நாள் ‘சாண்டி’ தாக்கிய இரவில், நியூயார்க் பல்கலைக் கழக மருத்துவ நிலையத்தில் அதுவே மீண்டும் நிகழ்ந்தது. கடல்நீர் நிலவறையுள் புகுந்து ஆயிரக்கணக்கான ஆய்வு எலிகளை மாய்த்தது. மின்சாரமும் நின்றது. மேல் தளங்களில் ஜெனரேட்டர்கள் இருந்தும், அவற்றுக்கு எரிபொருள் அனுப்பும் அமைப்பு கீழே இருந்தமையால் பயன்படவில்லை. 300க்கு மேற்பட்ட நோயாளிகள் இருளில் மாடிப்படிகள் வழியே இறக்கப்பட்டனர்.

நிலவறையை நாடுவதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. அங்கு அதிர்வு குறைவு. ஒளியையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்துதல் எளிது. மேல் தளத்தில் இடம் கிடைப்பதும் அரிது. ஆயினும், பல தலைமுறை வளர்த்த எலியினத்தைக் கடையில் வாங்க இயலாது. அவற்றின் கருக்களை உறையச் செய்து வேறோர் ஊரில் சேமித்து வைத்தல், இழப்பை நோக்கச் சிறு செலவேயாகும். ஹூஸ்டன் நிலையங்கள் 2001க்குப் பின் மின் சாதனங்களை உயர்த்தின. வெள்ளத்தைத் தடுக்கும் கனத்த கதவுகளைப் பொருத்தின. 2017 ஆகஸ்டில் ‘ஹார்வி’ வந்தபோது அக்கதவுகள் மூடப்பட்டன. முன் நேர்ந்த பேரழிவு நேரவில்லை. தானே பட்டறிந்த நிலையம் திருந்தியது. கேட்டறிந்த நிலையம் திருந்தவில்லை. பிறர் பட்டதைத் தம் பாடமாகக் கொள்ளாத கல்விக்கூடம், கல்வியின் பயனையே இழந்ததாகும்.

இந்திய வானிலைத் துறை 48 மணி நேரம் முன்னதாக ஓர் எச்சரிக்கையையும், 24 மணி நேரம் முன்னதாக அடுத்த எச்சரிக்கையையும் விடுக்கிறது. அந்நேரத்தில் ஏடுகளை மேலே ஏற்றலாம். மாணவர்களை ஊருக்கு அனுப்பலாம். ஆனால் மின்பலகையையோ ஜெனரேட்டரையோ எரிபொருள் தொட்டியையோ இடம் மாற்ற இயலாது. எனவே, கடற்கரை மாவட்டங்களின் ஆசிரியர்களும் களப் பணியாளர்களும், வானம் தெளிந்திருக்கும் நாளொன்றில், தம் நிலையத்தின் கீழ்த்தளத்தைச் சுற்றி வருதல் நன்று. மார்பளவு நீர் நின்றால் எவை அழியும், அவற்றுள் மீண்டும் பெற முடியாதவை எவை என்று பட்டியல் எழுதி, மேலதிகாரிகளிடம் அளித்தல் வேண்டும். அதற்கு வேண்டுவது ஒரு தாளும் ஒரு பிற்பகலுமே.