பூனைக்கு மானியம், குருவிக்கு நஷ்டம்

வளர்ப்புப் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கணும்னு சொன்னால் எங்க ஆழ்வார்திருநகரியில் சிரிப்பாங்க. "பூனையை எவம்லே அடைச்சு வைப்பான்? எலி பிடிக்கத்தானே வளர்க்கோம்? வேட்டையாடுறது அதோட இயற்கைலா?" என்று கேள்வி வரும். வரட்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எலி பிடிக்கும், சரி. எலியோடு நிறுத்திக்கொள்வதாக அது யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கா? கொல்லையில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு, செம்பருத்தியில் முட்டையிடும் கொண்டைக்குருவி, அணில், ஓணான், பறக்கத் தெரியாமல் தரையில் தத்தும் குஞ்சு எல்லாம் பூனைக்கு ஒன்றுதான்.

"எங்க பூனை ஒரு குருவியைக்கூடத் தூக்கிட்டு வந்ததில்லை" என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் வளர்ப்புப் பூனைகளின் கழுத்தில் கேமரா மாட்டிப் பார்த்தார்கள். பிடித்த இரையில் கால் பங்குகூட வீடு வந்து சேரவில்லை. 2013-ல் வந்த இன்னொரு ஆய்வின் மதிப்பீடு, அந்த நாட்டில் மட்டும் பூனைகள் வருஷத்துக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்கின்றன என்கிறது. அதில் பெரும்பங்கு வீடில்லாத பூனைகளுடையது. குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுட்டு வர்றோமே, அந்தக் கணக்கும் நம்ம பேரில்தான்.

அடுத்து, இயற்கை. காமர்ஸ் படிக்கிறவன் பாஷையில் சொல்றேன். காட்டில் இரை குறைந்தால் வேட்டை மிருகமும் குறையும். நம்ம பூனைக்கோ பால்சோறும் மீன்தலையும் தினம் உண்டு. குருவி குறைந்தாலும் பூனை குறையாது. மானியத்தில் ஓடும் கம்பெனிக்கு நஷ்ட பயம் ஏது? இதுக்குப் பேர் இயற்கையா?

இதே தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் இருக்கு. மருத மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக 2005-ல் அதைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்களே பறவைகளைக் காக்கிறாங்க. நமக்குக் கொல்லைக் கதவைச் சாத்த அலுப்பாயிருக்கு.

அடைச்சு வைத்தால் கொடுமையாம். டவுன்பஸ்ஸில் அடிபடுவதும் தெருநாய் கடித்துச் சாவதும் சொகுசா? வீட்டில் விளையாட்டுக் காட்டினால் பூனை இருந்துகொள்ளும். 2021-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், தினம் 5 முதல் 10 நிமிஷம் விளையாடியபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. இறைச்சி அதிகமுள்ள தீனி கொடுத்தபோது 36 சதவீதம்.

முற்றம் வைத்த ஓட்டு வீட்டில் நாள் முழுக்க அடைப்பது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். அதனால் சாயங்காலம் முதல் காலை வெயில் ஏறும் வரையாவது உள்ளே வையுங்க. கொல்லையில் கூட்டில் குஞ்சு இருக்கும் நாட்களில் பகலிலும் விடாதீங்க. கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்க. பூனை உங்களுடையதுதான், ஆனா கொல்லையில் இருக்கும் குருவி உங்க சொத்து இல்லையே மக்கா!