புரியும்படி ஆங்கிலம் பேசுவது எப்படி?

சேந்தமங்கலம் போன்ற ஊர்களில் படித்துப் பட்டம் பெறும் பிள்ளைகள் பலர். ஆங்கிலம் எழுத வரும். ஆனால் நேர்முகத் தேர்வில் பேசினால், எதிரே இருப்பவர் "என்ன?" என்று மறுபடியும் கேட்கிறார். வேலை கை நழுவுகிறது.

இது நாக்கின் குற்றமா? இல்லை!

100-க்கு 70

ஆர்.கே.பன்சல் என்ற அறிஞர், இந்தியர்கள் பேசிய ஆங்கிலத்தை ஆங்கிலேயர்களைக் கேட்கச் செய்தார். 100-க்குச் சுமார் 70 பங்குதான் விளங்கியது. ஐதராபாத் மத்திய ஆங்கில நிலையம் 1969-ம் ஆண்டு இந்த ஆராய்ச்சியை வெளியிட்டது.

முக்கியக் காரணம், அழுத்தம். "ஹோட்டல்" என்பதில் நாம் முதல் பகுதியை அழுத்துகிறோம். ஆங்கிலேயர் பின்பகுதியை அழுத்துகிறார்கள்.

ஒலியும் ஒரு காரணம். குண்டூசியும் "பின்", குப்பைத் தொட்டியும் "பின்". தமிழில் எழுத்து ஒன்றே. ஆங்கிலத்தில் முதல் ஒலி வேறு.

சாயல் குற்றமல்ல

வெளிநாடு செல்வோர் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில், உச்சரிப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு. தாய்மொழிச் சாயல் இருக்கலாம். புரியாமல் போனால்தான் குறை.

வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி, சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் "வெள்ளி நாவுடையவர்" என்று ஆங்கிலேயரே புகழ்ந்தனர்!

வீட்டிலேயே சோதனை

பத்து வாக்கியங்களை உரக்கப் படியுங்கள். மற்றொருவர் புத்தகத்தைப் பார்க்காமல், காதில் விழுந்ததை எழுதட்டும். தவறிய சொற்களை எண்ணுங்கள். அகராதியில் அழுத்தக் குறியைப் பார்த்து, நிதானமாகச் சொல்லிப் பழகுங்கள். அடுத்த வாரம் மீண்டும் எண்ணுங்கள்.

தவறு குறைந்தால், பேச்சு தெளிகிறது என்று பொருள்.