காயத்தைக் காணாத கையெழுத்துகள்



நெடுங்கண்டம் நமக்குத் தூரத்து ஊர் அல்ல. கம்பம்மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற நம் ஜனங்களுக்குத் தெரிந்த ஊர். அந்த ஊர் ஸ்டேஷனுக்கு 2019 ஜூன் 12 அன்று ராஜ்குமார் என்பவரைக் கொண்டு போனார்கள். நிதி நிறுவனத்தின் பேரில் பணம் வாங்கி ஏமாற்றினார் என்பது புகார். கைது என்று எழுதியதோ ஜூன் 15. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு. இடையில் போன நாட்கள் எந்தக் கணக்கில்? பதிவேடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது புரியும். தேதியைத் தள்ளிப் போட ஒரு பேனா போதும்.

ஜூன் 21 அன்று, பீர்மேடு கிளைச் சிறையின் காவலில் இருந்த ராஜ்குமார் இறந்தார். நிமோனியா என்றது முதல் பிரேதப் பரிசோதனை. நீதிபதி நாராயண குருப் கமிஷன் வந்த பிறகு, புதைத்த உடலைத் தோண்டி மறுபடி பரிசோதித்தார்கள். முதல் அறிக்கையில் இல்லாத காயங்கள் அப்போதுதான் தெரிந்தன. பணம் ஏமாற்றினாரா இல்லையா என்பதைக் கோர்ட் தீர்மானித்திருக்க வேண்டும். லத்தி தீர்மானித்துவிட்டது.

சித்திரவதையைத் தடுக்கச் சட்டமே இல்லையா? ஏராளமாக இருக்கிறது. 1996இல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது: கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை டாக்டர் பார்க்க வேண்டும். 2020இல் ஸ்டேஷன் தோறும் கேமரா வைக்கச் சொன்னது. ஆனால் இவை எல்லாமே ஒருவர் பார்த்து, ஒருவர் எழுதி, ஒருவர் கையெழுத்துப் போடுவதில்தான் நிற்கின்றன. அந்தக் கையெழுத்து விலைக்கோ தயவுக்கோ கிடைக்குமானால், அடிபட்டவனைக் காக்க வந்த காகிதமே அடித்தவனைக் காக்கும். ஊழல் என்றால் கவரில் வைத்த ரூபாய் மட்டும் அல்ல. "நாளைக்கும் இதே இன்ஸ்பெக்டர் முகத்தில்தானே விழிக்க வேண்டும்" என்கிற முகதாட்சண்யமும் ஊழல்தான்.

சாத்தான்குளத்தைப் பாருங்கள். 2020 ஜூனில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் கொண்டு போனபோது டாக்டர் சான்று இருந்தது, ரிமாண்ட் உத்தரவு இருந்தது, ஸ்டேஷனில் கேமராவும் இருந்தது. ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் படங்கள் தினம் தினம் தானாக அழியும்படி வைத்திருந்ததை, விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் கண்டார். அத்தனை காகிதங்களும் சொல்லாததை ஒரு பெண் தலைமைக் காவலர் வாய் திறந்து சொன்னார்.

திருவனந்தபுரத்தில் 2005இல் உதயகுமார் கோட்டை ஸ்டேஷனில் செத்தார். அவரிடம் இருந்தது 4,020 ரூபாய். சாட்சிகள் பிறழ்ந்தார்கள். 2018இல் இரண்டு போலீசாருக்குத் தூக்கு என்றது சி.பி.ஐ. கோர்ட், 2025இல் ஹைகோர்ட் விடுதலை செய்தது. 20 வருஷம் காத்திருந்த தாய்க்கு என்ன பதில்?

இது புது நோயும் அல்ல. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் கிட்டி போட்டதையும் அண்ணாந்தாள் கட்டியதையும் 1855இலேயே ஒரு கமிஷன் எழுதி வைத்தது. வசூல் அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் அன்று ஒரே கையில் இருந்தன. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. ஏற்பு மட்டும் கொடுக்கவில்லை. லோக்சபாவில் 2010இல் நிறைவேறிய மசோதாவும் சட்டமாகாமலே போனது.

நமக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. காகிதம் மலையாளத்தில், நாம் பேசுவதோ தமிழ். பிடித்துக்கொண்டு போனதும் தரகர் வருவார்: "கொஞ்சம் கொடுத்தால் அடிக்க மாட்டார்கள்." தாலியை அடகு வைத்தாவது கொடுக்கிறோம். அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு மனசு வராது. ஆனால் அடிக்காமல் இருப்பதற்கு ஒரு ரேட் உண்டானால், அடுத்த வீட்டுப் பையனுக்கு அடிதான் ரேட்டை ஏற்றும் வழி.

ஆகவே, புரியாத காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். பிடித்த நேரத்தை நீங்களே தனியாகக் குறித்து வையுங்கள். டாக்டர் அறிக்கையின் நகல் கேளுங்கள். கைதானவருக்கு அது சட்டம் கொடுத்த உரிமை. தாலுகா சட்ட உதவிக் குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது, அடித்திருந்தால் தமிழிலேயே உரக்கச் சொல்லுங்கள், சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள். ராத்திரி எந்நேரமானாலும் சங்கத்துக்கு ஆள் அனுப்புங்கள். ஸ்டேஷன் வாசலுக்கு நாலு பேராகப் போவோம்.