பிரேக்கில் சமாளிப்பு வேண்டாம்



பழைய பைக் வைத்திருக்கும் தம்பிகளுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1999-ல் வந்த சிபிஇசட், 2001-ல் வந்த பல்சர் 180 எல்லாம் இன்று ஆசையாகப் பாதுகாக்கும் பழைய வண்டிகள் ஆகிவிட்டன. டிரம் பிரேக்கோடு வந்த ஆர்எக்ஸ் 100-க்கும் முன்பக்கம் டிஸ்க் மாட்டி ஓட்டுகிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் காலிப்பரில் மரை, அதாவது த்ரெட், போய்விட்டால் செய்யப்படும் வைத்தியம்தான் கவலை தருகிறது. பிளம்பர் போல டெஃப்லான் சுற்றுவது, எம்-சீல் வைப்பது, ஒரு சைஸ் பெரிய போல்ட்டை வலுக்கட்டாயமாக ஏற்றுவது. கேட்டால் "இப்போதைக்கு ஓடும் சார்" என்று பதில்.

வண்டி ஓடும் தம்பி. நிற்குமா என்பதுதான் கேள்வி.

பள்ளியில் படித்த பாஸ்கல் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் லீவரை 10 கிலோ விசையில் பிடித்தால், நெம்புகோல் அதைச் சுமார் 5 மடங்காக்கி மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்குத் தருகிறது. அந்தப் பிஸ்டனின் பரப்பு ஒன்றேகால் சதுர செ.மீ. என்றால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 40 கிலோ. டயரில் இருக்கும் காற்றோ 2 கிலோதான். இந்த அழுத்தத்தை எம்-சீல் தாங்கும் என்று நம்பலாமா?

மரை ஏன் போகிறது? காலிப்பர் அலுமினியம், போல்ட் இரும்பு. பல வருடம் மழையிலும் சேற்றிலும் கிடந்தால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்கின்றன. நீளமான ஸ்பேனர் போட்டு இழுத்தால் போல்ட்டோடு அலுமினிய மரையும் சுருளாக வந்துவிடும். அளவுக்கு மீறி முறுக்குவதும் இதே வேலையைச் செய்யும்.

இனி, எது சரியான வைத்தியம்?

காலிப்பரைத் தாங்கும் போல்ட்டின் மரை போயிருந்தால் ஹெலிகாயில் போடலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச் சுருள் அது. 8 மில்லி போல்ட் என்றால் துளையைச் சுமார் 8.3 மில்லிக்குப் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் புது மரை வெட்டிச் சுருளை உள்ளே ஏற்ற வேண்டும். விமான எஞ்சின்களிலேயே பயன்படும் முறை. ஒழுங்காகப் போட்டால் பழைய மரையைவிடப் பலம் அதிகம். துளை நேராக விழ வேண்டும் என்பதால் கை டிரில் கூடாது. லேத் பட்டறையில் டிரில்லிங் மெஷினில் பிடித்துப் போடச் சொல்லுங்கள். அதற்கு முன் பிஸ்டனையும் ரப்பர் சீலையும் கழற்றிவிட வேண்டும். அந்த ரப்பரில் பெட்ரோல், மண்ணெண்ணெய் படக்கூடாது, ஊதிவிடும்.

காற்று எடுக்கும் நிப்பிள் விஷயம் வேறு. அங்கே பிரேக் ஆயிலைத் தடுப்பது மரை அல்ல, நிப்பிளின் கூம்பு முனை துளையின் அடியில் போய் உட்காரும் இடம். அதனால்தான் டெஃப்லான் சுற்றிப் பயனில்லை. துளை போடும்போது அந்த இடத்தில் டிரில் பட்டால் காலிப்பர் வீண். நிப்பிள் மரை முழுதாகப் போயிருந்தால் காலிப்பரையே மாற்றுங்கள் என்பதே என் கருத்து.

வேலை முடிந்ததும் லீவரை இறுக்கிப் பிடித்து, கயிற்றால் கட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் எங்கேனும் ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்க வேண்டாம்.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கழற்றி, சுத்தம் செய்து, மரை போட்டு, மாட்டி, காற்று எடுக்க அரை நாள் ஆகும். நாமோ "ஒரு போல்ட்டுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறோம். சைலன்சருக்கும் ஸ்டிக்கருக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்கிற கை, பிரேக்குக்கு மட்டும் சுருங்குகிறது. அந்த உழைப்புக்குக் கூலி கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் எம்-சீல் வெளியே வருகிறது.

அதியமான்கோட்டையிலிருந்து சேலம் போக வேண்டுமென்றால் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த இறக்கத்தில் எத்தனை விபத்து பார்த்திருக்கிறோம்! தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் பிள்ளைகள், கிளம்பும் முன் முன்சக்கரத்தையும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு இதைப் பகிருங்கள்.